சூரியனுக்கு வாங்கிய தகரப் பெட்டி

என் மனைவி நான்கு ஆண்டுகளாக எடுத்த சூரியனின் படங்களை அழித்தவன் நான். பகல் தூக்கத்துக்காக அழித்தேன்.

தொம்மலூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், வெயில் இருக்கிற ஒவ்வொரு காலையும், ஒளியைக் குறைக்கும் வடிகட்டி பொருத்திய சிறிய தொலைநோக்கியால் அவள் சூரியனைப் படம் பிடிப்பாள். ஒரு நாளுக்கு ஆயிரக்கணக்கான படங்கள். அவற்றிலிருந்து ஒன்று தேறும். முதன்முதலில் அவள் திரையில் கடுகளவு கரும்புள்ளி ஒன்றைக் காட்டி, "இது நம்ம பூமிய விடப் பெரிசு" என்றபோது நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் புள்ளி நாள்தோறும் சற்றே நகர்ந்து, இரண்டு வாரத்தில் மறு விளிம்பில் மறைந்தது. அத்தனை பெரிய பொருள் சுழல்வதை எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்திருந்தாள் அவள்.

படங்களையெல்லாம் கூடத்து அலமாரியில், கணினி டிஸ்க்குகள் அடுக்கிய பெட்டி ஒன்றில் வைத்திருந்தாள். அதன் விசிறிகள் ஓயாமல் இரையும். ஒரு மார்ச் மாதம், மூன்று விசிறிகளில் இரண்டின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். ஒரு டிஸ்க் போனால் மற்றவை தாங்கும் என்று அவள் சொல்லியிருந்தாள். ஏப்ரல் வெக்கையில் ஒரே வாரத்தில் இரண்டு போயின, அவற்றோடு படங்கள் அத்தனையும். மெக்கானிக் வருவதற்குள் ஒயர்களைத் திருப்பிச் செருகி வைத்தேன். கரண்ட் ஏறி இறங்கியதால்தான் என்று அவள் மின்வாரியத்தைத் திட்டினாள். நானும் தலையாட்டினேன்.

புதிய பெட்டி வாங்க, கணினிச் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு போனோம். அலுவலகங்களில் இரும்புச் சட்டத்தில் செருகி வைப்பார்களே, அந்த நீளமான ரேக் பெட்டிதான் அவள் கேட்டது. பழையது மலிவாகக் கிடைக்கும். கடைக்காரர் ஒன்றை மேசைமேல் தள்ளினார்.

"ஆபீஸ்ல ஓடின மால்மா. எட்டு டிஸ்க் போடலாம், நல்லா காத்து போவும். சவுண்டு மட்டும் ஏரோப்ளேன்."

அவள் மூடியைத் திறந்து, நடுவில் வரிசையாக நின்ற விசிறிகளைப் பார்த்தாள். டேப்பால் ஆழத்தை அளந்தாள். அலமாரிக்குச் சரியாக இருந்தது. பிறகு மூடினாள்.

"வேணாம்பா. இவருக்கு மத்தியானத் தூக்கம் கெடும். சத்தமில்லாத சின்னது காட்டுங்க."

"அதுல ரெண்டு டிஸ்க்தாம்மா புடிக்கும்."

"பரவால்ல. வாரத்துக்கு ஒரு நாள் எடுத்தாப் போதும்."

வாரத்துக்கு ஒரு நாள் என்றால் புள்ளி எங்கே பிறந்தது, எப்படிச் சிதைந்தது என்று எதுவும் தெரியாது. அதை என் தூக்கத்துக்காக விட்டுக்கொடுக்கிறாள்.

"பழைய பெட்டில ஃபேன் ஒயரப் புடுங்கினது நான்தான்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "எப்போ?"

"டிஸ்க் போறதுக்கு முந்தின மாசம்."

கடைக்காரர் தன் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். பிறகு தாங்காமல், "சார், இத வீட்லயே சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார்.

"அந்த ஏரோப்ளேனையே கட்டுங்க" என்றாள் அவள். ஆட்டோவில் எங்களுக்கு நடுவில் பெட்டி இருந்தது.

அதன்பின் நான் சூரியனைப் படமெடுக்கும் ஆட்களை இணையத்தில் தேடினேன். முன்பின் தெரியாதவர்களுக்கு நடந்ததை மறைக்காமல் எழுதி, தொலைந்த நாட்களின் படங்களைக் கேட்டேன். பலர் அனுப்பினார்கள். நாள் வாரியாக அடுக்கி அவளிடம் காட்டினேன். வேறு யார் யார் மாடிகளிலிருந்தோ எடுத்த படங்கள். ஆனால் எல்லாவற்றிலும் அதே சூரியன்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவள், ஒன்றில் நின்றாள்.

"இந்தப் புள்ளி எனக்குத் தெரியும். மறுநாள் இது ரெண்டா உடைஞ்சுது. அந்தப் படம் இருக்கா?"

தேடினேன். அனுப்பியவரையும் கேட்டேன். மறுநாள் அவர் ஊரில் மழையாம்.