கோடு கோடாய் ஓடிய மல்யுத்தம்

பிள்ளைகள், நேற்று அப்பப்பாவோடு நான் ஏன் சத்தம் போட்டேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

லண்டனின் பழைய மல்யுத்தத்தை ரிவியில் திரும்பவும் போடத் தொடங்கியிருக்கிறார்கள். சுற்று முடிய மணி அடித்ததும், தொண்ணூறுகளில் நாங்கள் இருந்த ஸ்காபரோ அபார்ட்மென்ட் கண்முன் வந்துவிட்டது.

அப்பப்பா கனடாவுக்கு வரமுதல் லண்டனில் இருந்தவர். என் வகுப்புப் பொடியன்கள் எல்லாரும் அமெரிக்க மல்யுத்தம் பார்த்தார்கள். என்னை மட்டும் அவர் விடவில்லை.

"உது நடிப்படா. லண்டன்காரன்தான் உண்மையாய்ச் சண்டை பிடிக்கிறவன்."

அதை நிரூபிக்க, லண்டனிலிருந்த சித்தப்பாவிடம் சொல்லி வீடியோ கசெற் எடுப்பித்தார். அங்கத்தைய கசெற் இங்கத்தைய டெக்கில் சரியாக ஓடாது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மணிச் சத்தம் கேட்டது. படம் கோடு கோடாய் உருண்டது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கோடுகளுக்கு முன்னால் என்னை இருத்துவார்.

"பார், இப்ப கையை முறுக்கிறான்!"

"ஒண்டும் தெரியேல்லை அப்பா."

"வடிவாய்ப் பாரடா!"

இரண்டு வருடம் வடிவாய்ப் பார்த்தேன். திங்கட்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் மல்யுத்தக் கதை கதைக்க, நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

நேற்றுத்தான் படம் தெளிவாகத் தெரிந்தது. ஓடிப்போய் அப்பப்பாவைக் கூட்டிவந்து இருத்தினேன். ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு ரிமோட்டை எடுத்தார்.

"உவங்களும் நடிச்சுத்தான் இருக்கிறாங்கள்" என்று சொல்லிவிட்டுச் செய்திக்கு மாற்றினார்.

இனி நீங்களே சொல்லுங்கள், நான் சத்தம் போட்டது பிழையா?