ஊதாத் துணியும் கண்ணாடித் தொட்டியும்

எனக்குச் சீதனமாக வந்த மேசையின் மேல் என் கணவர் கடலைக் கொண்டுவந்து வைத்தார். கடைகளுக்கு ஷோகேஸ் செய்கிறவரிடம் சொல்லிச் செய்த கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல்தண்ணீர், அடியில் மணல், ஒரு ஓரம் கஞ்சிப்பாசி, மறு ஓரம் கல்லோடு ஒட்டிய உயிருள்ள பவளம். மூலையில் தண்ணீர் கசிந்து என் மேசை உப்புப் பூத்தது. நான் முணுமுணுத்தேனே தவிர, தூக்கிப் போடச் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை.

எழுபதுகளில் நடந்தது இது. அவர் சங்கு குளிக்கிறவர். அந்த வருஷம் முங்கும்போது இடது காதில் சவ்வு கிழிந்து, சீழ் வைத்து, அந்தப் பக்கம் காதே கேட்காமல் போயிற்று. இன்னொரு தடவை முங்கினால் சீழ் மூளைக்கு ஏறிவிடும், உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் நன்றாகத் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கடைசியாக முங்கிய அன்று அவர் எடுத்து வந்ததுதான் அந்தக் கல். சுண்ணாம்புக் காளவாசலுக்கு வண்டி வண்டியாகப் போகும் வெள்ளைப் பவளம் இல்லை இது. ஆரஞ்சு நிறம், கைப்பிடி அளவு, குட்டிக் குட்டிக் குழல்களாக இருக்கும். ஒவ்வொரு குழலிலும் பூப் போல விரியும் என்று அவர் சொன்னார். வீட்டுக்கு வந்த நாள் முதல் அது மூடியேதான் கிடந்தது.

தொட்டியை ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார். "பாசிக்கு வெயிலு வேணும்ளா. பாசி நல்லாருந்தாத்தான் தண்ணி கெடாது" என்பார். பாசி தளதளவென்று வளர்ந்தது. பவளம் நாளுக்கு நாள் சூம்பியது. அதைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் சொன்னார். "இது செத்துட்டுன்னா, வேற ஒண்ணு நாந்தான் போய் எடுக்கணும். ஒரே ஒரு முங்குதான்."

ஒரு முங்கோடு கரையேறியவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அன்றிலிருந்து அந்தக் கல் பிழைக்க வேண்டும் என்று ஜெபமாலை உருட்ட ஆரம்பித்தேன்.

நாற்பது நாள் தவசுகாலம் முடியப் போகும் சமயம் மாதா கோயிலில் சுரூபங்களைத் துக்கத்துக்கு அடையாளமாக ஊதாத் துணியால் மூடுவார்கள். அவரைப் பெற்ற மாமி, எங்கள் வீட்டு ஜெபப் பீடத்தையும் அப்படியே மூடிவிடுவார்கள். பீடம் இருந்தது மேசைக்கு நேர் மேலே. துணி நீளம் அதிகம். கிழிக்க மாமிக்கு மனசில்லை. அது தொங்கித் தொட்டியையும் சேர்த்து மூடிவிட்டது. மூடினால் மூடினதுதான், ஏசு உயிர்த்த பாஸ்கு நாள் வரை யாரும் தொடக் கூடாது. இவர் அதற்கும் தலையாட்டினார்.

"பாசி செத்துரும், தண்ணி கெட்டுரும், இதுவும் போயிரும்" என்றார். "பாஸ்கு முடிஞ்சதும் சங்கு வள்ளத்துல நானும் போறேன்." சொன்ன குரலில் வருத்தமே இல்லை.

பாசியாவது பிழைக்கட்டும் என்று, மாமி சிலுவைப்பாதைக்குப் போன ஒரு மதியம், ஜன்னல் பக்கத்துத் துணியை மட்டும் தூக்கிச் சொருகினேன். இறால் உரித்த கையோடு தண்ணீருக்குள் கை விட்டு, சாய்ந்து கிடந்த பாசியை நிமிர்த்தினேன். விரலில் ஒட்டியிருந்த துணுக்குகள் தண்ணீரோடு போயின. கொஞ்ச நேரம் கழித்துத் துணியை இறக்க வந்தபோது, மூடியிருந்த பக்கம் குனிந்து பார்த்தேன். அத்தனை குழலும் விரிந்திருந்தது. மஞ்சள் மஞ்சளாக நீட்டி இறாலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அதுதான் என் வேலை. மாமி வெளியே போனால் பாசிக்கு வெயில், பவளத்துக்குத் துணியின் நிழலும் துளி இறாலும். பாஸ்கு அன்று அவரே பார்க்கட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

பாஸ்கு காலையில் மாமி துணியை எடுத்தார்கள். வெயில் பட்டதும் பவளம் மூடிக்கொண்டது. நான் அவரைக் கூட்டி வருவதற்குள் பழையபடி செத்ததுபோலக் கிடந்தது.

"செத்துட்டுளா. நாளைக்கு வாரேன்னு வள்ளத்துல சொல்லிட்டேன்" என்றார்.

மாமி மடித்துக்கொண்டிருந்த துணியைப் பிடுங்கி, தொட்டியின் பாதிக்கு மேல் போட்டேன். "நல்ல நாளும் அதுவுமா ஊதாத் துணியாளா? ஊரு சிரிக்கும்" என்றார்கள் மாமி. சிரிக்கட்டும் என்று இறாலைக் கிள்ளிப் போட்டேன். அவரைக் கையைப் பிடித்து நிறுத்திவைத்தேன். முதலில் ஒரு குழல் திறந்தது. பிறகு பக்கத்தில் ஒன்று. பிறகு எல்லாமே.

"இத எங்கனயிருந்து எடுத்தீய?" என்று கேட்டேன்.

"பாறைக்கு அடியில, குகை மாதிரி ஒரு பொடவுக்குள்ள."

"அங்கன வெயிலு வருமா?"

"கும்மிருட்டுல்லா" என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அப்ப, தெரிஞ்சுதான் ஜன்னல்ல வச்சியளா?"

அவர் துணியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. விவரம் தெரிந்த நாள் முதல் தண்ணீருக்குள் கிடந்த மனுஷன். தானாகப் போகப் பயம், இருக்கவும் முடியவில்லை. ஒரு சாக்கு வேண்டியிருந்தது, பாவம். நான் அழுதேன். மாமி துணியைத் திருப்பிக் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் வள்ளத்துக்காரர்கள் வாசலில் வந்து கூப்பிட்டார்கள். அவர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"எனக்கு இங்கன வேல கெடக்கு. நீங்க போங்கலே" என்றார்.

அவர்கள் போகவில்லை, திரும்பவும் கூப்பிடப் பார்த்தார்கள். அதற்குள் அவர் கேட்காத காதை வாசல் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, தொட்டியின் மேல் குனிந்துவிட்டார்.