கரப்பானுக்குச் சூடு

என் மூத்த மகனுக்குக் கரப்பான் வந்தபோது அவனுக்குத் தலைகூட நிற்கவில்லை. முதலில் இரண்டு கன்னமும் யாரோ கிள்ளிவிட்ட மாதிரி சிவந்திருந்தன. பிறகு பொரிப்பொரியாகக் கிளம்பி, நீர் வடிந்து, காய்ந்து பொருக்குத் தட்டியது. காதின் பின்புறம், முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு என்று இடம் பிடித்துக்கொண்டே போனது. அரிப்புத் தாங்காமல் என் தோளில் முகத்தை வைத்துத் தேய்ப்பான். என் ரவிக்கையெல்லாம் ரத்தமும் நீருமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். பெற்ற வயிறு பற்றி எரியும். எரிந்து என்ன செய்ய? அந்த வீட்டில் என் வயிற்றைக் கேட்க நாதி இல்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பிறந்து ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டுக்காரர் பஞ்சு அரைக்கிற ஜின்னிங் மில்லில் வேலை பார்த்தார். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார், மாமியார் வைத்ததுதான் சட்டம். அந்த வீட்டில் எதற்கும் மருந்து அடிதான். பசு உதைத்தால் பசுவுக்கு அடி, அடுப்பு புகைந்தால் எனக்கு அடி, மில்லில் மேஸ்திரி ஏசினால் அதற்கும் எனக்கே அடி. அடியாத மாடு படியாது என்று சொல்லிச் சொல்லியே அடிப்பார்கள். நானும் வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து அழுகிறவள் இல்லை. ஒருமுறை அவர் என்னை அறைந்தபோது, வடித்து வைத்திருந்த சோற்றுப்பானையைத் தூக்கி அவர் காலடியில் போட்டு உடைத்தேன். அன்று வீடே பட்டினி. எனக்கு வாய்த்த குணம் அப்படி, யாரைக் குற்றம் சொல்ல?

குழந்தைக்கு வந்தது என் பாலின் கோளாறு என்று மாமியார் தீர்ப்புச் சொன்னார். கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, சோளம் கூடாது, நிலக்கடலை கூடாது. கடைசியில் சோறும் வறுத்த உப்பும் மிளகு ரசமும்தான் மிச்சம். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளுக்கு இது போதுமா? பால் வற்றியது, கரப்பான் வற்றவில்லை. பிறகு வைத்தியம் பிள்ளை மேலேயே இறங்கியது. குப்பைமேனி இலையைக் கல்லுப்பு வைத்து அரைத்துப் போடுவார்கள். பெரியவர்கள் காலில் வரும் சிரங்குக்கு அது நல்ல மருந்துதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மாமியாரோ, மருந்து உள்ளே இறங்கவேண்டும் என்று முதலில் தேங்காய் நாரால் கன்னத்துப் பொருக்கைத் தேய்த்து எடுப்பார். பச்சைப் புண்ணில் அந்த உப்பு பட்டதும் பிள்ளை வாயைத் திறந்தபடி மூச்சடைத்துப்போவான். சத்தமே வராது. உதடு நீலம் பூத்த பிறகுதான் வீறிடுவான். நான் பிடுங்குவேன், அவர் அறைவார், நான் தள்ளுவேன். ஒருநாள் தள்ளியதில் அவர் அம்மிமேல் போய் உட்கார்ந்தார். அன்று மாலை மில்லிலிருந்து வந்த மகன் என் முதுகில் அதற்குப் பதில் சொன்னார்.

மத்தியானம் மாமியார் கண் அயர்கிற நேரம்தான் எனக்கும் பிள்ளைக்கும் சொந்தமான நேரம். வேப்பிலை போட்டுக் கொதித்து ஆறிய தண்ணீரில் பழைய வேட்டித் துணியை நனைத்து ஒற்றி ஒற்றித் துடைப்பேன். தேய்க்கவே கூடாது. ஈரம் காயுமுன் எண்ணெய் போடுவேன். என் தாய் ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய எண்ணெய் அது. அருகம்புல்லை இடித்துச் சாறு பிழிந்து, தேங்காய் எண்ணெயோடு சேர்த்துச் சிறு தீயில் வைத்து, சடசடப்பு அடங்கியதும் இறக்கி வடிகட்டுவது. அவன் நகத்தை நானே கடித்து எடுப்பேன். கைக்கு வேட்டித் துணியில் சிறு பை தைத்து மாட்டிவிடுவேன். செத்த நேரத்தில் தூங்கிவிடுவான். அந்த எண்ணெய் நோயை வேரோடு பிடுங்கியது என்று பொய் சொல்லமாட்டேன். இன்றைக்கும் பனிக்காலத்தில் அவன் முழங்கை மடிப்பு சொரசொரத்துப் போகிறது, இன்றைக்கும் அதே எண்ணெய்தான். அரிப்பை ஆற்றும், தூங்க விடும். அதுவே பெரிய காரியம். அவர் மில் சட்டையோடு, மேலெல்லாம் பஞ்சுத் தூசியாக வந்து பிள்ளையைத் தூக்கினால் மறுநாள் பொரி கூடும். குளித்துவிட்டுத் தூக்குங்கள் என்று சொன்னதற்கு, என் பிள்ளையை நான் தூக்க உன்னைக் கேட்கவேண்டுமா என்று கையை ஓங்கினார்.

ஒருநாள் மாமியார் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்துவிட்டார். எண்ணெய்ப் புட்டி அகப்பட்டது. அதைப் பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் போட்டு உடைத்துவிட்டு, என் கொண்டையைப் பிடித்து உலுக்கினார்.

"ஏட்டி, எண்ணெயப் போட்டு அமுக்குனா கரப்பான் உள்ள போயி இழுப்பா வரும். எம் பேரனக் கொல்லப் பாக்கியா?"

வெள்ளிக்கிழமை காலை சூடு போட ஆள் வரும் என்று அப்போதே சொல்லிவிட்டார். தளவாய்புரத்திலிருந்து ஒருவர் இரும்புக் கம்பியோடு வருவார். பிள்ளையின் வயிற்றில் தொப்புளைச் சுற்றி நான்கு இடத்தில் வைப்பார். அந்த வம்சத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டு நிறைவுக்கு முன்னால் நடக்கிற காரியம் அது. கரப்பான், மாந்தம், இழுப்பு எது வந்தாலும் சூடு. எதுவும் வராவிட்டால், வராமல் இருக்கச் சூடு. மாமியார் அந்த வீட்டுக்கே அத்தை மகளாக வந்தவர், அவர் வயிற்றிலும் அந்தத் தழும்பு உண்டு. என் வீட்டுக்காரர் வயிற்றில் புளியங்கொட்டை அளவில் நான்கு தழும்பு. நான் ஒவ்வொருவரிடமும் கேட்டேன், வலிக்காதா என்று. எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள், எறும்பு கடித்த மாதிரி இருக்கும். வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார், சிரித்துக்கொண்டே சொன்னார்.

என் பிள்ளைமேல் அந்தக் கம்பி படக்கூடாது. அந்த நேரத்தில் எனக்கு உலகத்தில் வேறு எதுவும் இல்லை. வியாழக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் பிள்ளையை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஊருக்குப் போகிற கரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கரி பற்றவைத்து வண்டி கிளம்பத்தான் ஒரு யுகம் ஆகுமே! அதற்குள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். முடியைப் பிடித்துப் படியிலிருந்து இழுத்தார். ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறு கையால் அவர் முகத்தில் பிறாண்டினேன். என் முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒருவரும் எழவில்லை. குடும்பம் என்றால் ஆயிரம் இருக்கும் என்று கண்டக்டர் சொன்னான். அவன் நாக்கு அழுக.

வெள்ளிக்கிழமை புழக்கடையில் அடுப்பு மூட்டினார்கள். சூடு போடுகிறவர் குடைக்கம்பி போன்ற ஒன்றை நெருப்பில் செருகிவிட்டு அமைதியாக வெற்றிலை போட்டார். மாமியார் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி காலை நீட்டி உட்கார்ந்து, அவனைக் கால்மேல் மல்லாக்கப் போட்டார். ஒரு கையால் அவன் இரண்டு கையையும், மறு கையால் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் என்னைப் பின்னாலிருந்து பிடித்திருந்தார். பிள்ளை தன் அப்பத்தாவின் முகத்தைப் பார்த்துப் பொக்கைவாயால் சிரித்தான். குளிக்கப்போகிறோம் என்று நினைத்துவிட்டான், பாவிப் பிள்ளை.

கம்பி நுனி சிவந்தது. "பயப்படாத தாயி, எறும்பு கடிச்சாப்புலதான்" என்று அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே குனிந்தார்.

என் வீட்டுக்காரரின் முன்னங்கை என் வாய்க்கு எட்டியது. கடித்தேன். கொஞ்சமாகக் கடிக்கவில்லை, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேருகிற வரைக்கும் கடித்தேன். வாய் நிறைய உப்பு ருசி. அவர் பிடியை விட்டார். பாய்ந்து போய்ச் சூடு போடுகிறவரின் முழங்கையை உதைத்தேன். கம்பி எகிறி, மாமியாரின் முழங்கை மடிப்பில் விழுந்து, அந்த மடிப்புக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டது. நான் குறி பார்த்து உதைக்கவில்லை. அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை.

ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். கையை உதறினால் கம்பி விழுந்துவிடும். கையை உதறினால் பிள்ளையும் நெருப்பண்டை விழுவான். அவர் உதறவில்லை. தோல் பொசுங்குகிற வாடை எனக்கு வந்தது. நான் பிள்ளையை வாரி எடுத்த பிறகுதான் கையை உதறினார், பிறகுதான் கத்தினார். அந்தக் கத்தல் தெருவையே கூட்டியது. சூடு போடுகிறவர் கம்பியைத் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

வீட்டுக்காரர் கையில் ரத்தம் சொட்டச் சொட்ட விறகுக்கட்டையைத் தூக்கினார். அன்று என் மண்டை உடைந்திருக்கவேண்டியது.

"விடுலே" என்றார் மாமியார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாமியார் கைமேல் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினேன். நெல் குதிருக்குப் பின்னால் ஒரு சிரட்டையில் கொஞ்சம் எண்ணெய் ஒளித்து வைத்திருந்தேன். எரிச்சல் கொஞ்சம் அடங்கிய பிறகு அதை எடுத்து வந்து கோழி இறகால் தடவினேன். புண் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளையாக வெந்திருந்தது.

"எம்புட்டு நேரம்டி இப்புடி எரியும்?" என்று கேட்டார்.

"எறும்புக்கடிதான அத்தை" என்றேன்.

சொல்லிவிட்டு அறைக்குக் காத்திருந்தேன். அறை வரவில்லை. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் போட்டாக. தழும்பு இருக்கு. வலிச்சது நெனப்புல இல்லயேடி" என்றார். பிறகு தலையைத் தூக்கி, விறகோடு நின்ற மகனைப் பார்த்தார். "பெரியவனே, ஒனக்குப் போட்டன்னைக்கு நீ பால் குடிக்கல. பொழுது முச்சூடும் கத்துன. வீம்பு புடிக்கான்னு ஒந்தொடையில கிள்ளுனேன்."

அவர் விறகை அடுப்படியில் போட்டார். பனியனைத் தூக்கித் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார்.