ஒன்பதாம் நம்பர் அறையில் கஞ்சியக்கா

இந்த ஹோட்டலுக்கு நூற்றிருபது வயது ஆகிறதாம். அதற்கு ஒரு விழா மலர் போடுகிறார்கள். வழக்கமாக வந்து தங்குகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதித் தர வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். நான் படித்தது நாலாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் நான் கட்டிய கட்டடங்களில் பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். அதனால் எழுதலாம், தப்பில்லை.

கட்டடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த விஷயத்தில் என்னை யாரும் மடக்க முடியாது. சுவர் இரண்டடி கனம், சுண்ணாம்புக் காரை. மழைக்காலத்தில் ஒரு சொட்டு ஓதம் பார்த்ததில்லை. முன்பக்க மாடிப்படி முழுக்கத் தேக்கு. இருபத்திரண்டு படியில் ஒன்றுகூடக் கிறீச்சிடாது. இந்த மாதிரி ஒரு படி கட்டச் சொன்னால் இன்றைக்கு எனக்கே கை நடுங்கும். மற்ற கான்ட்ராக்டர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்த ஊரில் எனக்கு வேலை ஆரம்பித்த நாளிலிருந்து, பதினோரு வருஷமாக, நாலாம் நம்பர் அறைதான் எனக்கு. நான் வருகிறேன் என்றால் அதை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள்.

கட்டடத்துக்கு இது போதும். நான் எழுத உட்கார்ந்தது, பின்கட்டில் முப்பத்தொரு வருஷம் விரிப்பும் தலையணை உறையும் வெளுத்த ஒருத்தியைப் பற்றி. எல்லாருக்கும் அவள் கஞ்சியக்கா. அவள் கஞ்சி போட்ட விரிப்பைச் சுவரில் சாய்த்து வைத்தால் காவலுக்கு நிற்கும் என்று சமையல்காரர் கேலி செய்வார். "உன் பருப்பைவிட என் கஞ்சி கெட்டி" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள்.

அவள் என் அக்கா. என் கூடப் பிறந்த அக்கா. ஹோட்டல்காரர்களே, இதை நீங்கள் இப்போதுதான் முதல் தடவையாகக் கேள்விப்படுகிறீர்கள்.

அம்மா போனபோது எனக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினாலு. அப்பா இருந்தார், இருந்தார் என்று மட்டும்தான் சொல்லலாம். வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் சோறு என்றால் அது எனக்கு. அவள் வயிற்றில் ஈரத்துணிதான். பிறகு அவளுக்கு இந்த ஊரில் கல்யாணம் ஆனது. நான் சாந்துச் சட்டி தூக்கப் போனேன். சாந்துச் சட்டியிலிருந்து கொத்துக் கரண்டிக்கு, கரண்டியிலிருந்து மேஸ்திரிக்கு, மேஸ்திரியிலிருந்து கான்ட்ராக்டருக்கு. என்னை யாரும் தூக்கிவிடவில்லை, நானாக ஏறினேன் என்று மேடையிலேயே சொல்லியிருக்கிறேன். ஆறு வயதிலிருந்து எனக்குச் சோறு போட்டது யார் என்று மேடையில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிள்ளை இல்லை அவளுக்கு. புருஷன் செத்த பிறகு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் முதன்முதலில் இங்கே தங்க வந்த அன்று, வராந்தாவில் இஞ்சினியர்களோடு உட்கார்ந்திருந்தேன். தலையில் துணி மூட்டையோடு போனவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்திருக்கப் போனேன். கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

பிறகு பின்கட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"என்னக்கா இது?"

"தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதேடா. பெரிய மனுஷனா வந்திருக்கே. கஞ்சியக்கா தம்பின்னு தெரிஞ்சா நாளைக்கு ரூம் பெருக்கறவன்கூட உன் தோள்மேல கை போடுவான்."

"போட்டா போடட்டுமே."

"போட்டா அந்த இஞ்சினியருங்க எழுந்து போயிடுவாங்க. சொன்னதைக் கேளு."

கேட்டுக்கொண்டேன். யார் பேச்சையும் லேசில் கேட்கிற ஆள் இல்லை நான். அதை மட்டும் உடனே கேட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம் மாதத்தில் பத்து நாள் நான் இங்கே. அவள் வீடு நடந்து போகிற தூரம். ஒற்றை அறை, காற்று வராது என்று சொல்லி ஒரு ராத்திரிகூட அங்கே தங்கினதில்லை. அவளும் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டாள். ஆனால் என் கட்டிலுக்கு விரிப்பு போட வேறு யாரையும் விடமாட்டாள். எல்லாக் கட்டிலிலும் விரிப்பை நாலு பக்கமும் மெத்தைக்கடியில் இறுக்கிச் சொருகுவார்கள். என் கட்டிலில் மட்டும் இடது கால்பக்கம் தொங்கவிட்டிருக்கும். சின்ன வயதில் அந்தக் காலை வெளியே நீட்டிக்கொண்டுதான் தூங்குவேனாம். எனக்கே அது தெரியாது, அவளுக்குத் தெரியும்.

இந்த ஹோட்டலில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்காரர்களுக்குப் பின்பக்க இரும்புப் படிதான்; தேக்குப் படியில் ஏறக்கூடாது. ஆனால் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் ஓய்வு பெறுகிற அன்று, சாயங்காலம் முன்வாசல் வழியாக விருந்தாளியாக வருவார். மேனேஜரே வாசலில் நின்று கூப்பிட்டுப் பையை வாங்கிக்கொள்வார். தேக்குப் படியேறி, பிடித்த அறையில் ஒரு ராத்திரி தங்கலாம். சொந்தத்தில் ஒருவரைக் கூட்டி வரலாம். இந்த முதலாளியின் தாத்தா போட்ட ஏற்பாடு. இன்றுவரை தவறியதில்லை.

அக்கா ஒன்பதாம் நம்பரைக் கேட்டிருந்தாள். மூலை அறை, இரண்டு பக்கமும் ஜன்னல். ஓய்வு நாளுக்குப் பதினைந்து நாள் முன்னால் நான் பின்கட்டுக்குப் போனபோது விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையை என் கையில் கொடுத்தாள்.

"அன்னிக்கு நீ வருவியாடா? கூட ஒருத்தர் வரலாமாம்."

"நீதானேக்கா யாருக்கும் தெரிய வேண்டாம்னே?"

"வேலைதான் முடியுதே. இனிமே யார் என்ன சொன்னா எனக்கென்ன? என் தம்பின்னு ஒரு தடவை இவங்க முன்னால கூட்டிட்டுப் படியேறணும். அவ்வளவுதான்." பிறகு சிரித்தாள். "இறுக்கிப் பிடி. கட்டடம் கட்டற கையா இது?"

வருகிறேன் என்றேன். வாக்குக் கொடுத்தால் மாறுகிறவன் இல்லை என்று எனக்கு ஊரெல்லாம் பேர்.

அந்த நாளும் வந்தது. நான் புதுச் சட்டை போட்டு, ஆறு மணிக்கு அவளோடு ஏறுவதற்காக வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தரைக்கு முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு கார் வந்து நின்றது. பக்கத்து ஊர்க் கல்லூரித் தாளாளரும் அவருடைய இஞ்சினியரும். மூன்று மாடி விடுதி கட்டுகிற வேலை. அதற்காக நான் ஆறு மாதமாக அலைந்துகொண்டிருந்தேன். வரைபடத்தை மேஜைமேல் விரித்துவிட்டார்கள்.

ஆறு மணிக்கு அக்கா வந்தாள். பச்சைப் புடவை. கையில் ஒரு சின்னப் பை. மேனேஜர், சமையல்காரர், ரூம் பெருக்குகிறவர்கள் எல்லாரும் இரண்டு வரிசையாக நின்று கைதட்டினார்கள். அவள் வாசலில் நின்று என் பக்கம் பார்த்தாள். கூப்பிடவில்லை, பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் நாலடி தூரம்.

இஞ்சினியர் கேட்டார். "யாருங்க இந்தம்மா? இவ்வளவு மரியாதை பண்றாங்க?"

"இங்க துணி வெளுக்கிற அம்மா. இன்னிக்குக் கடைசி நாளாம்."

என் வாய்தான் சொன்னது. வரைபடத்தின் மூலை காற்றில் எழும்பியது. அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மேனேஜர் அவளிடம் கேட்டது காதில் விழுந்தது. "யாரோ வர்றாங்கன்னு சொன்னீங்களேக்கா?"

"வரலைங்க. அவங்களுக்கு வேலை வந்திடுச்சு."

தேக்குப் படியில் தனியாக ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினாள். முழங்கால் அவளுக்கு அவ்வளவு கெட்டிருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தாளாளரும் இஞ்சினியரும் கிளம்பியதும் மேலே ஓடினேன். கதவைத் திறந்தாள்.

"வாங்க முதலாளி. துணி ஏதாவது போடணுமா?"

"அக்கா..."

"விளையாட்டுக்குச் சொன்னேன்டா. உள்ள வா. மூஞ்சியைப் பாரு, பள்ளிக்கூடத்துல அடி வாங்கிட்டு வந்தவன் மாதிரி."

மேஜைமேல் இரண்டு பேருக்குத் தட்டு வைத்திருந்தது. இரண்டும் துடைத்தபடி இருந்தன.

"சாப்பிடலையா நீ?"

"பசியில்லை. அந்த வேலை கிடைச்சுதா?"

"கிடைச்ச மாதிரிதான்."

"அப்ப சரி."

"நான் இங்கேயே படுத்துக்கறேன்க்கா. காலையில எல்லார் முன்னாலயும் உன்கூட இறங்கறேன்."

அவள் ஜன்னலைச் சாத்தினாள். "வேண்டாம். சாயங்காலம் ஒண்ணு, காலையில ஒண்ணா? ரெண்டு நாக்குக்காரன்னு பேர் வாங்காதே. போய் உன் ரூம்ல படு."

போனேன். சொல்லவே கூசுகிறது, போகும்போது மனசு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. காலையில் நான் எழுந்து வந்தபோது ஒன்பதாம் நம்பர் காலியாக இருந்தது. கட்டிலில் மடிப்புக் கலையவில்லை. ராத்திரி தரையில்தான் படுத்திருக்கிறாள். இருட்டோடு எழுந்து, பின்பக்க இரும்புப் படி வழியாக இறங்கிப் போய்விட்டாளாம். ரூம் பெருக்குகிற பெண் சொன்னாள்.

விடுதி வேலை எனக்கே வந்தது. மூன்று மாடியையும் ஐந்து மாதத்தில் எழுப்பி நிறுத்தினேன். அந்தப் பக்கத்தில் எவனும் அவ்வளவு சீக்கிரம் முடித்ததில்லை. நடுவில் அக்கா வீட்டுக்கு நாலைந்து தடவை போனேன். முன்பு போலவே பேசினாள், கிண்டல் செய்தாள். ஒன்றே ஒன்று மாறியிருந்தது. வாசலில் யாராவது வந்தால் என்னை உள்ளே போய் உட்காரச் சொல்லிவிடுவாள்.

ஏழாவது மாதம் பக்கத்து வீட்டுத் தையல்காரர் போன் செய்தார். அக்கா மயங்கி விழுந்து, அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாளாகிறதாம். என் நம்பரை அவரே தேடிக் கண்டுபிடித்திருக்கிறார், அவள் கொடுக்கவில்லை.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். மூச்சு மட்டும் இருந்தது. நர்ஸ் என்னை மறித்தாள்.

"நீங்க யாரு?"

"தம்பி."

"யாருக்கு?"

"இந்தம்மாவுக்கு."

அவள் தாளைப் புரட்டினாள். "சொந்தம்னு யாரும் இல்லைன்னு சொன்னாங்களே. நானே கேட்டு எழுதினேன். கொண்டுவந்த அன்னிக்கு நல்ல நினைவோடதான் இருந்தாங்க."

"நான் கூடப் பிறந்தவன்மா."

"இத்தனை நாளா எங்க இருந்தீங்க?"

நான் கீழே நின்று கத்தினால் மூன்றாம் மாடியில் வேலை செய்கிற கொத்தனாருக்குக் கேட்கும். அந்தத் தொண்டையில் சொன்னேன். "இவங்க என் அக்கா. நான் இவங்க தம்பி." வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"மெதுவாங்க ஐயா. நோயாளிங்க தூங்கறாங்க."

நர்ஸ் 'யாருமில்லை' என்று இருந்ததை அடித்துவிட்டு 'தம்பி' என்று எழுதினாள். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். பிறகு அக்கா காதோரம் குனிந்து இன்னொரு தடவை சொன்னேன், மெதுவாக. அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மறுநாள் பதினோரு மணிக்குப் போய்விட்டாள்.