ராஜேஸ்வரி பேரில் ஒரு சாவு

தொழிற்சங்க வேலை என்பது பாதி கோஷம். மீதி, அடுத்தவருக்கு வந்த இங்கிலீஷ் கடிதத்தைப் படித்துச் சொல்வது. புள்ளி போட்ட இடத்தில் படிக்காமல் கையெழுத்து வைத்த உங்களுக்கு அந்தக் கடிதம் தரும் வயிற்றெரிச்சல் தெரியும்.

அகராதி

சேரங்கோடு பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு விபத்து இன்சூரன்ஸ் வந்தது. பத்திரத்தில் ‘இன்டெம்னிஃபை’ என்று ஒரு சொல். நான் துண்டறிக்கைகளில் எழுத்துக் கற்றவன், அகராதியைப் புரட்டிவிட்டு கேட் கூட்டத்தில் முழங்கினேன்: “நஷ்டம் வந்தால் ஈடுகட்டுவது என்று அர்த்தம், தோழர்களே!” எல்லோரும் கைதட்டினார்கள். அங்கே கொழுந்து பறிக்கும் தன் அக்காள் ராஜேஸ்வரிக்குச் சோறு கொண்டுவந்த செல்வி மட்டும் கேட்டாள்:

“யாரோட நஷ்டத்தைங்க, தலைவரே?”

ஆள் மாற்றம்

அக்காளுக்குக் காய்ச்சல் என்றால் தங்கச்சி வந்து அக்காள் பேரில் கொழுந்து பறிப்பாள். பதிவேட்டில் பேர் விழுந்தால் போதும்; வேலையை மேற்பார்க்கும் கண்டக்டரும் கண்டுகொள்ள மாட்டார். எல்லா எஸ்டேட்டிலும் நடப்பதுதான். அப்படிப் போன ஒரு காலையில் காட்டெருமை செல்வியை முட்டித் தூக்கிப் போட்டது.

ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதும்போது என்ன பேர் சொல்வது என்று அவள் புருஷன் மணி என்னைப் பார்த்தான். ராஜேஸ்வரி என்றே எழுதச் சொன்னேன். பதிவில் உள்ள பேர், இன்சூரன்ஸ்காரன் தட்டவே முடியாது என்று நினைத்தேன். ஸ்ட்ரெச்சரில் கிடந்த செல்வி என் கையைப் பிடித்தாள்:

“எம் பேரையே சொல்லுங்களேன்.”

விசாரணை

மூன்றாம் நாள் செல்வி செத்தாள். சான்றிதழ் ராஜேஸ்வரி பேரில் வந்தது. இன்சூரன்ஸ் அதிகாரி அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கு வந்தார். வந்தவருக்கு டீ கொடுத்த பெண்ணிடம் பேர் கேட்டார். அவள் பழக்கத்தில் ராஜேஸ்வரி என்று சொல்லிவிட்டாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்ப செத்தது யாரும்மா?”

கடைசிக் கடிதம்

உண்மையைச் சொன்னோம். பதில் வந்தது, நான்தான் படித்தேன். இன்சூரன்ஸ் ஈடுகட்டுவது எஸ்டேட்டின் பொறுப்பை மட்டும். செல்வி எஸ்டேட் ஆளே இல்லை; அங்கே அடிபட்டாள் என்பதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அவள் பேர் இல்லை. அதனால் எஸ்டேட்டுக்குப் பொறுப்பும் இல்லை, நஷ்டமும் இல்லை. மறுநாள் வேலைக்குப் போன ராஜேஸ்வரியையும், செத்தவள் பேரை வெட்டியாச்சு என்று கண்டக்டர் திருப்பி அனுப்பினார். மணி கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினான்:

“நீங்களே வெச்சுக்கங்க. உங்களுக்குத்தான் படிக்கத் தெரியும்.”

‘இன்டெம்னிஃபை’ என்றால் என்னவென்று இப்போது கேளுங்கள், அகராதி இல்லாமலே சொல்வேன்: எஸ்டேட்டுக்கு ஒரு நஷ்டமும் வராமல் பார்த்துக்கொள்வது, அதைச் சம்பளம் வாங்காமல் செய்துகொடுத்தவன் நான்.