சலூன்காரரும் மீன்கடைக்காரரும்

மகள் பிறந்து மூன்றாம் மாதம் மாமி, மனைவியின் அம்மா, யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு இருக்க வந்தா. நாங்கள் குடியேறிய நாட்டில், பிரெஞ்சு பேசுகிற பக்கத்தில், ரொக்ஸ்பரோவில் இரண்டு அறை வீடு. எனக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் பின்னேர வேலை. மனைவி காலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்விடுவாள். மத்தியானம்வரை வீட்டில் நானும் மாமியும் குழந்தையும்தான். ஊர் வழக்கப்படி, மருமகன் இருக்கிற அறையில் மாமி வந்து இருக்கமாட்டா. "தேத்தண்ணி போடட்டோ தம்பி?" என்று கேட்பா. "ஓம் மாமி" என்பேன். அதோடு கதை முடிந்துவிடும்.

ஒருநாள் நூலகத்திலிருந்து யப்பானிய நகைச்சுவைத் தொடர் ஒன்றின் டிவிடியை எடுத்து வந்தேன். படத்தின் கீழே ஓடும் பிரெஞ்சை வாசித்துப் பழகலாம் என்று எண்ணம். கதையில் ஒரு சின்ன ஊர். ஒரு சலூன், எதிரே ஒரு மீன்கடை. சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்காக இரண்டு கடைக்காரரும் கோபித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு மீன்கடைக்காரர் முடிவெட்டப் போகாமல் தொப்பியோடு திரிகிறார். சலூன்காரர் வீட்டில் மூன்று வேளையும் முட்டை.

சமையலுக்கிடையில் குசினி வாசலில் வந்து நின்ற மாமி, "அந்தாள் ஏன் தொப்பியைக் கழட்டுறாரில்லை?" என்று கேட்டா.

சொன்னேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அடுத்த நாள் தானாகவே ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு இருந்தா.

எழுத்து ஓடுகிற வேகத்துக்கு என் பிரெஞ்சு காணாது. விளங்காத இடங்களில் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். "அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டார் தம்பி, முகத்தைப் பாருங்கோ" என்று மாமி மறிப்பா. எனக்கும் விட்டுக்கொடுக்க மனம் வராது.

ஒரு காலை, சலூன்காரர் மீன்கடைக்கு முன்னால் போய் நின்ற இடத்தில் படம் நின்றுவிட்டது. டிவிடியில் கீறல். துடைத்துப் போட்டும் ஓடவில்லை.

"இப்ப என்ன செய்வார்?" என்றேன்.

"ஒண்டும் செய்யமாட்டார். அரைக் கிலோ மீன் தாங்கோ எண்டு கேப்பார். மற்றவர் நல்லதாப் பாத்துக் குடுப்பார். பேந்து தொப்பியைக் கழட்டிப்போட்டு சலூனுக்குப் போவார்."

"மன்னிப்புக் கேக்கமாட்டினமோ?"

"எதுக்கு? தெருவில தினமும் முகம் பாக்கிற ஆக்கள்."

நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கையில் மனைவி வந்துவிட்டாள். மாமி என்னோடு குரலுயர்த்திக் கதைப்பதைக் கேட்டு வாசலிலேயே நின்றாள். "ஆரம்மா? ஆருக்கு ஆரோட கோபம்?"

"எங்கட சலூன்காரருக்கு" என்றா மாமி. மனைவி ஊரில் யாரோ சொந்தக்காரர் என்று நினைத்துவிட்டாள். விளங்கப்படுத்தக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இரண்டு கிழமை கழித்து நூலகத்தில் வேறு பிரதி கிடைத்தது. மூவருமாகப் பார்த்தோம். படத்தில் அது ஊர்த் திருவிழா நாள். சனமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

"பழுதாக்கிப் போட்டாங்கள்" என்றா மாமி. "இவ்வளவு சனத்துக்கு முன்னால ஆரும் அழுவினமோ?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. நான் மாமியின் பக்கம்.

"சரி, அடுத்ததைப் போடுங்கோ தம்பி" என்றா மாமி.