ஜீப் டிரைவரின் தம்பி

தொலைக்காட்சி நிலையத்தில் அவருக்குப் பெயர் பவுடர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உண்டு. இருபத்திரண்டு வருடமாக, விவாத நிகழ்ச்சிக்கு வருகிறவர்களின் வழுக்கையையும் வியர்வையையும் மறைத்து அனுப்புவது அவர் வேலை. மைக்கைக் கண்டால் புலியாகும் தலைவர்கள்கூட அவர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு மோவாயைத் தூக்கிக் காட்டுவார்கள். உள்ளே எவர் என்ன உளறினாலும் பவுடர் காதில் வாங்கமாட்டார். முகம் பளபளக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். பளபளத்தால் இடைவேளையில் ஓடிப்போய் ஸ்பாஞ்சால் ஒற்றிவிட்டு வருவார்.

இந்தத் தேர்தலில்தான் காதில் வாங்க வேண்டி வந்தது. போரில் மேஜராக இருந்த வேட்பாளர் ஒருவர் மேடைக்கு மேடை ஒரு கதை சொன்னார். குண்டு மழையில் ஜீப் டிரைவர் இறங்கி ஓடிவிட்டானாம். இவரே ஓட்டிப்போய்க் காயம்பட்டவர்களைக் காப்பாற்றினாராம். முதல் கூட்டத்தில் மூன்று பேர், பத்தாவது கூட்டத்தில் பதினொரு பேர். ஒரு ஜீப்பில் அத்தனை பேர் எப்படி ஏறினார்கள் என்று கேட்க ஒரு நிருபருக்கும் வாய் வரவில்லை.

அந்த ஜீப்பை ஓட்டியவர் பவுடரின் அண்ணன்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உயிர் போனது என்று, உடலைக் கொண்டுவந்த இரண்டு சிப்பாய்கள் அன்றைக்கே சொன்னார்கள். அவர்களும் இப்போது இல்லை. மிச்சமிருக்கும் சாட்சி அண்ணி ஒருத்திதான். "ஓடுறவருக்கு முதுகுலதானே குண்டு பட்டிருக்கணும்? நெஞ்சுல இருந்துச்சே, நான் பார்த்தேனே" என்று டிவியைப் பார்த்துச் சொல்வாள். பிறகு கொழுந்தன் பக்கம் திரும்புவாள். "உங்க கிட்டத்தானே தம்பி வந்து உட்கார்றாரு? ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

வெள்ளிக்கிழமை மேஜர் வந்து உட்கார்ந்தார். நெற்றிக்குப் பூசி முடித்ததும் பவுடர் வாயைத் திறந்தார்.

"ஐயா, அந்த ஜீப் டிரைவர் எங்க அண்ணன். அவர் ஓடலைங்க. உங்களுக்கே தெரியும்."

மேஜர் கண்ணைத் திறந்து, கண்ணாடியில் பவுடரையே பார்த்தார். பிறகு அவர் கையைப் பிடித்து அழுத்தினார். "எவ்வளவு காலமா மனசுல வச்சிருந்தீங்களோ. நான் பார்த்துக்கறேன், போங்க."

பவுடர் நம்பினார். இன்றைக்குத் தவறாமல் பாருங்கள் என்று அண்ணிக்குப் போனும் போட்டுவிட்டார், பாவி மனிதர்.

நிகழ்ச்சியில் மேஜரின் குரல் தழுதழுத்தது. "அந்த டிரைவரோட தம்பியை இன்னிக்கு இங்கேயே சந்திச்சேன். அந்தக் குடும்பம் இனிமே தலைகுனிய வேண்டாம். ஓடிப்போனவரை நான் மன்னிச்சிட்டேன்." சொல்லும்போதே கண்ணீர் வழிந்து, விளக்கில் கன்னம் பளபளத்தது.

திரைக்குப் பக்கத்தில் நின்ற பவுடர் ஒரு வார்த்தை விடாமல் காதில் வாங்கினார். வாங்கி என்ன? இருபத்திரண்டு வருடப் பழக்கம் காலில் இருந்தது. இடைவேளையா என்றுகூடப் பார்க்காமல் உள்ளே போய், அந்தக் கன்னத்தை ஒற்றிவிட்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. "இவர்தான் அந்தத் தம்பி" என்று மேஜர் தோளில் கைபோட்டார்.

மறுநாள் எல்லாச் சேனலிலும் அதே காட்சி. வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. ஒருவர் பெருந்தன்மை என்றார், இன்னொருவர் ஓட்டுக்காக நாடகம் என்றார். மன்னித்தது சரியா தவறா என்றுதான் சண்டையே தவிர, டிரைவர் ஓடினாரா என்று கேட்க ஆளில்லை. பவுடர் செய்தி ஆசிரியரிடம் போய் நின்றார்.

"நீங்களே கண்ணீரைத் துடைச்சி விட்டீங்க. இப்போ பொய்னு சொன்னா யார் நம்புவாங்க?" என்றார் அவர். கேட்டதில் தப்பில்லை. அதுதான் கொடுமை.

திட்டு விழும் என்று பயந்துகொண்டே வீட்டுக்குப் போனார். அண்ணி டிவியை அணைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை.

"பக்கத்து வீட்டம்மா வந்துட்டுப் போனாங்க தம்பி. 'உன் வீட்டுக்காரரை மன்னிச்சிட்டாரே, எவ்வளவு பெரிய மனசு'ன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

மடித்த சட்டையை மறுபடி பிரித்தாள்.

"ஆமான்னுட்டேன்."